மண்ணுக்குள் கிடைத்த இரும்பு எந்த மெஷினுடையது? கண்டுபிடிப்பது இப்படி

குழி தோண்டும்போது கடப்பாரை 'ணங்' என்று எதிலோ மோதும். கல்லாக இருக்கும் என்று நெம்பினால் வருவது கல் இல்லை. துருவும் மண்ணும் அப்பிய ஒரு இரும்பு உருப்படி, ஒரு பக்கம் ஓட்டை, இன்னொரு பக்கம் பல் மாதிரி ஏதோ, தூக்கினால் தோள்பட்டை இறங்குகிறது. பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் நாலு பதில் சொல்வார்கள். பீரங்கிக் குண்டு, ரயில் சாமான், விண்கல் என்று போகும். கடைசியில் "எடைக்குப் போட்டா நல்ல காசு" என்பதில் முடியும்.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான். "இது எதைப் போல இருக்கு?" என்று கேட்டுக்கொள்வது. மெஷின் பாகம் தனியாக ஒரு பொருளே இல்லை, அது ஏதோ ஒரு ஜோடியில் பாதி. எதிலோ மாட்டியிருந்தது, எதன் மேலோ உரசியது, எதையோ தாங்கியது. அதனால் கேட்க வேண்டியது "இதோடு சேர்ந்திருந்த இன்னொரு பாதி எது?" என்பதுதான். அந்தப் பதில் துண்டின் மேலேயே எழுதியிருக்கும், நாம்தான் அவசரப்பட்டு அதைத் தேய்த்து அழித்துவிடுகிறோம்.

கை வைக்கும் முன்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கீழே போகாதீர்கள். உருளையாக இருந்து ஒரு முனை கூம்பிக்கொண்டு போகிறதா, அடிப்பக்கத்தை ஒட்டி செம்பு அல்லது பித்தளைப் பட்டை ஒன்று வளையமாக ஓடுகிறதா, வாலில் தகடு தகடாகத் துடுப்பு இருக்கிறதா, மூக்கில் திருகிய மூடி இருக்கிறதா? இதில் ஒன்று தென்பட்டாலும் அது வெடிகுண்டாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் ஆனால் மருந்து செத்துப் போயிருக்கும் என்பதெல்லாம் சும்மா. முதல் உலகப்போரில் வெடிக்காமல் புதைந்த குண்டுகள் பிரான்ஸ், பெல்ஜியம் வயல்களில் இன்றைக்கும் வருஷா வருஷம் உழவில் கிளம்பி வருகின்றன, அவற்றில் உயிரோடு இருப்பவையும் உண்டு. தொடாதீர்கள், புரட்டாதீர்கள், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் போலீசுக்குச் சொல்லுங்கள். வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்கே கொண்டுபோய்க் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

அளவுக்குச் சின்னது, ஆனால் நம்பமுடியாத கனம், மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சுக் குறி அல்லது ஈயக்கூடு மாதிரி ஒரு உறை. இப்படி ஒன்று கிடைத்தாலும் அதே கதைதான். 1987-ல் பிரேசிலின் கொயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவக் கட்டடத்திலிருந்து பழைய இரும்பு என்று எடுத்துப்போன ஒரு மெஷினின் தலைப்பகுதியை உடைத்தார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137. நீலமாக ஒளிர்கிறதே என்று வீட்டுக்கு வீடு காட்டினார்கள், நான்கு பேர் இறந்தார்கள்.

அப்புறம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க கிரைண்டர் போட்டு அறுக்கிற ஆசை. மூடிய உருப்படி எதையும் அறுக்காதீர்கள். லாரி பிரேக் சேம்பரில் பெரிய ஸ்பிரிங்கை அழுத்தி அடைத்து வைத்திருப்பார்கள், மூடி கழன்றால் ஆளையே கொன்றுவிடும். சில என்ஜின் வால்வுகளின் தண்டுக்குள் சோடியம் இருக்கும், அதில் தண்ணீர் பட்டால் வெடித்துச் சீறும். ஷாக் அப்சார்பர், சிலிண்டர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

இன்னொன்று. அது மண்ணில் சும்மா கிடக்கிறதா, இல்லை நட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நட்டமாக நிற்கிறது, ஒரு ஒயரோ குழாயோ அதிலிருந்து கிளம்பிப் போகிறது என்றால் அது இன்னமும் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். எர்த் தகடு, வால்வுத் தண்டு, நில அளவைக் குறி, குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அதனோடு ஒயரில் கட்டிப் புதைத்த மெக்னீசியக் கட்டி. இதையெல்லாம் பிடுங்கிவிட்டு "மர்மப் பொருள்" என்று படம் எடுப்பதில் அர்த்தம் இல்லை.

கழுவாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்

எடுப்பதற்கு முன்பே படம் எடுங்கள். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் மேலே இருந்தது, கூட என்ன இருந்தது. இந்தக் கூட இருந்ததுதான் பாதிப் பதில். நிலக்கரிச் சாம்பலும் கிட்டக்கட்டியும் கலந்த மண்ணில் கிடந்த இரும்புச் சட்டம் பெரும்பாலும் கொதிகலன் அடுப்பின் தட்டுக் கம்பி. ஜல்லியோடு ஆணியும் கிடந்தால் ரயில் பாதை. எண்ணெய் ஊறிக் கறுத்த மண் என்றால் அங்கே ஒரு மெஷின் நின்றிருக்கிறது. அந்த இடத்தின் பழைய வரைபடம் கிடைத்தால் விடுங்கள், பாதி வேலை முடிந்தது.

பிறகு மண்ணை மரக்குச்சியாலும் நைலான் பிரஷ்ஷாலும் தண்ணீராலும் மட்டும் எடுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு ஒரு ஓட்டு ஓட்டினால் பளபளவென்று ஆகும், கூடவே எழுத்தும் போய்விடும். ஆசிடும் அப்படித்தான். அதுவும் வார்ப்பு இரும்பு என்றால் இன்னொரு சங்கடம் இருக்கிறது: ஈரமண்ணில் பல வருஷம் கிடந்த வார்ப்பு இரும்பில் இரும்பு கரைந்துபோய் கிராஃபைட்டும் துருவும் மட்டும் பழைய உருவத்திலேயே நிற்கும். பார்க்க முழுசாக இருக்கும், கத்தியால் கீறினால் பென்சில் மாதிரி கறுப்பாகச் சீவி வரும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் உருவமே உதிர்ந்துவிடும்.

எழுத்தைத் தேட வெளிச்சத்தை நேராக அடிக்கக் கூடாது. இருட்டறையில் வைத்து, டார்ச்சைப் பரப்போடு பரப்பாகச் சாய்த்துப் பிடித்து, சுற்றிச் சுற்றி வாருங்கள்; கண்ணுக்கே தெரியாத மேடு பள்ளம் நிழல் போட்டுக் காட்டும். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தாலும் சரி, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் சரி. எழுத்து மேடாக இருந்தால் வார்க்கும்போதே வந்தது, அநேகமாக வார்ப்படக்காரர் பெயர் அல்லது அச்சு எண். பள்ளமாகக் குத்தியிருந்தால் பின்னால் அடித்தது, அது வரிசை எண்ணாகவோ அளவாகவோ இருக்கும். 'டிஎன் 100', 'பிஎன் 16' என்பதற்கான எழுத்துகள் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், குழாய் சாமான்: முதலாவது குழாயின் அளவு, இரண்டாவது தாங்கும் அழுத்தம்.

கெட்டித் துருவை எடுத்தே ஆக வேண்டுமென்றால் சலவை சோடா கரைத்த தண்ணீரில் மின்பகுப்பு செய்யலாம். துண்டு நெகட்டிவில், சாதா இரும்புத் தகடு பாசிட்டிவில், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள், விஷமான குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள். அலுமினியம், துத்தநாகத்துக்கு இது ஆகாது.

எந்த உலோகம்?

காந்தம், தராசு, ஒரு வாளி தண்ணீர். இது போதும். காந்தம் பிடித்தால் இரும்புக் குடும்பம். பிடிக்காமல் பச்சை பூத்திருந்தால் செம்பு, பித்தளை, வெண்கலம். வெள்ளை மாவு பூத்து, தூக்கினால் லேசாக இருந்தால் அலுமினியம். மங்கிய சாம்பல் நிறம், நகம் பட்டால் கீறல், கனமோ கனம் என்றால் ஈயம். தொட்ட கையைக் கழுவுங்கள்.

அடர்த்தி பார்ப்பது சுலபம், ஆனால் யாரும் செய்வதில்லை. கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை எடுங்கள். அப்படியே வாளித் தண்ணீரில் முழுசாக மூழ்கும்படி, அடியில் படாமல் தொங்கவிட்டு மறுபடி எடுங்கள். முதல் எடையை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. அலுமினியம் 2.7, வார்ப்பு இரும்பு 7.2 சுமார், எஃகு 7.85, பித்தளை எட்டரை பக்கம், செம்பு 8.96, ஈயம் 11.3. துருவும் உள்ளே மாட்டிய காற்றும் கணக்கைக் கொஞ்சம் குறைக்கும், அதனால் 7.2-க்கும் 7.85-க்கும் நடுவில் வந்தால் இதை வைத்து மட்டும் முடிவு சொல்லாதீர்கள்.

எனக்கு ஒருமுறை அஸ்திவாரக் குழியில் ஒரு பாளம் கிடைத்தது. கிட்டத்தட்ட 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன், ஒரு முகம் முழுக்க வரிவரியாக மேடு பள்ளம். பார்த்ததும் ஏதோ பெரிய பல்சட்டம், அதன் மேல் ஒரு கியர் உருண்டு போயிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. மேல்தோலில் மட்டும் லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஆனால் துருவோ நல்ல பழுப்புத் துரு, பச்சை மருந்துக்குக்கூட இல்லை. எடை 18.8 கிலோ, தண்ணீருக்குள் 16.4. வித்தியாசம் 2.4, வகுத்தால் 7.83. அதாவது எஃகின் கனம், இரும்பின் துரு, ஆனால் காந்தம் பிடிக்காத ஒன்று. அரம் போட்டால் வரி முகத்தில் வழுக்கிக்கொண்டு போனது.

துருப்பிடிக்கும், ஆனால் காந்தம் பிடிக்காது என்றால் உடனே நினைக்க வேண்டியது மாங்கனீஸ் எஃகு. 1882-ல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டுபிடித்தது, மாங்கனீஸ் மட்டுமே சுமார் 11 முதல் 14 சதவீதம் இருக்கும், அடிக்க அடிக்க மேல்பரப்பு இறுகிக்கொண்டே போகும். அதனால் அடி வாங்குகிற வேலைக்குத்தான் அதைப் போடுவார்கள்: கல் உடைக்கும் மெஷின், தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டும் இடம், மண் அள்ளும் வாளியின் பல். கியர் பல்சட்டத்தை யாரும் அதில் செய்யமாட்டார்கள், லேத்தில் கடைவதே பெரும்பாடு. என் முடிவு அங்கேயே செத்தது. மீதிக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கிரைண்டர் கல்லில் ஒரு மூலையைத் தொட்டுத் தீப்பொறி பார்ப்பது பட்டறைக்காரர்களின் பழைய வழி. வார்ப்பு இரும்பு குட்டையாகச் சிவப்பாகப் பொரியும், சாதா எஃகு நீளமாக மஞ்சளாக ஓடும், கார்பன் அதிகமானால் நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிக்கும், செம்பு பித்தளையில் பொறியே வராது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், மூடிய பொருளில் செய்யாதீர்கள். துரு அரித்த இடத்தில் மரத்தின் நார் மாதிரி வரி வரியாகத் தெரிந்தால் அது தேனிரும்பு. பெசிமர் முறை 1856-ல் வந்து எஃகு மலிவாகும் முன், அடித்துச் செய்கிற வேலைக்கெல்லாம் அதுதான்.

என்ன வேலை பார்த்தது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். எந்த இடம் கடைசல் பிடித்து வழவழப்பாக இருக்கிறது, எந்த இடம் வார்ப்பு சொரசொரப்போடு அப்படியே விட்டிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கடைசலுக்குக் காசு செலவாகும், சும்மா யாரும் செய்யமாட்டார்கள். வழவழப்பான ஒவ்வொரு முகத்திலும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. சொரசொரப்பான இடம் காற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

வழவழப்பிலேயே இரண்டு வகை. லேத் கோடு இன்னும் தெரிந்தால் அது நகராமல் இறுக்கி வைத்த முகம். கோடு அழிந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தால் அங்கே ஏதோ ஓடியிருக்கிறது. கீறல் சுற்றிச் சுற்றி இருந்தால் சுழற்சி, நீளவாக்கில் இருந்தால் முன்னும் பின்னும் போய் வந்தது. ஓட்டை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து முட்டையாகியிருந்தால் சுமை எந்தத் திசையில் இழுத்தது என்று அதுவே சொல்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சீராக நீண்ட ஓட்டை தேய்மானம் இல்லை, முன்னே பின்னே நகர்த்தி இறுக்குவதற்காக வேண்டுமென்றே வைத்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஓட்டைக்குள் நீளவாக்கில் ஒரு சதுரக் காடி வெட்டியிருந்தால் அது கீ, அதாவது சுழலும் தண்டோடு (ஷாஃப்ட்) பூட்டும் சின்னக் கட்டை, உட்காரும் இடம்: இந்தத் துண்டு ஒரு ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றியது. உள்ளே வெள்ளி மாதிரி மெத்தென்ற உலோகம் பூசியிருந்தால் வெள்ளை உலோகப் பேரிங். அதன் நடுவில் ஒரு ஷாஃப்ட் சுற்றியது, இது அசையாமல் இருந்தது. காடியும் எண்ணெய் வாய்க்காலும் சேர்ந்து இருந்தால் இன்னும் சுவாரசியம், உட்கார்ந்து யோசியுங்கள்.

பால் பேரிங் என்றால் அதிர்ஷ்டம். வளையத்தில் எண் இருக்கும். சாதாரண நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது மேலே இருந்தால் அதை 5-ஆல் பெருக்குங்கள், உள் துளை மி.மீ.-ல் வந்துவிடும். 6205 என்றால் 25 மி.மீ.

கியர் என்றால் பல்லை எண்ணுங்கள், வெளிவிட்டத்தை மி.மீ.-ல் அளந்து, பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுங்கள்; கிடைப்பது பல்லின் பருமனைச் சொல்லும் எண், மாட்யூல் என்பார்கள். நேர்ப்பல் கியர், 32 பல், வெளிவிட்டம் 102 மி.மீ. என்றால் 102-ஐ 34-ஆல் வகுத்து 3. முழு எண்ணாக வந்ததா, மெட்ரிக் மெஷின். 3.175 மாதிரி வந்தால் 25.4-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள், 8 என்று சுத்தமாக வரும், அது அங்குலக் கணக்கில் செய்தது. இதே தந்திரம் எல்லா அளவுக்கும் பொருந்தும். கடைந்த துளைகள் 12.7, 19.05, 38.1 என்று வந்தால் அங்குலம். வார்ப்பு முகத்தை அளந்து இந்த முடிவுக்கு வராதீர்கள், அது ஆறும்போது சுருங்கியது, அதன் அளவுக்கு அர்த்தம் இல்லை.

மரை இருந்தால் 25.4 மி.மீ. நீளத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அரை அங்குல போல்ட்டில் 12 வந்தால் விட்வொர்த் என்கிற பிரிட்டிஷ் மரை, 13 வந்தால் அமெரிக்க மரை. விட்வொர்த் 1841-ல் வந்தது, கோணம் 55 டிகிரி. 1864-ல் வந்த அமெரிக்க மரை 60 டிகிரி, இன்றைய மெட்ரிக்கும் 60. குழாய் மரையில் ஒரு பொறி இருக்கிறது: 'அரை அங்குலம்' என்பார்கள், வெளிவிட்டம் அளந்தால் 21 மி.மீ. பக்கம் வரும். அரை அங்குலம் என்பது குழாயின் உள்துளைக் கணக்கு, மரையின் அளவு இல்லை. இது தெரியாமல் நான் ஒரு நாள் முழுக்க எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு மரையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு பழசு?

ரிவெட் அடித்துச் சேர்த்திருந்தால் வெல்டிங் பரவும் முன் காலம் என்று ஓரளவு சொல்லலாம். ஸ்டெயின்லெஸ் என்றால் 1912-13-க்குப் பிறகுதான். அமெரிக்கக் காப்புரிமை எண் கிடைத்தால் நேராகத் தேதிக்கே போய்விடலாம்: பத்து லட்சமாவது எண் 1911-ல், இருபது லட்சமாவது 1935-ல், முப்பது லட்சமாவது 1961-ல். ஆனால் அந்த எண் சொல்வது யோசனை பிறந்த வருஷத்தை, இந்தத் துண்டு பிறந்த வருஷத்தை அல்ல. காப்புரிமைப் படத்தையே எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் இதில் பெரிய லாபம், உங்கள் துண்டின் ஜோடி அதில் வரைந்தே இருக்கும்.

அடிக்கடி ஏமாற்றுகிறவை சில உண்டு. இரும்பு உருண்டை கிடைத்தால் எல்லோருக்கும் பீரங்கிக் குண்டுதான் நினைவுக்கு வரும். தாதுவையும் சிமென்ட்டையும் அரைக்கிற உருளை ஆலைக்குள் இதே மாதிரி எஃகு உருண்டைகள் குவியல் குவியலாகக் கிடக்கும், அங்கங்கே சிதறியும் போயிருக்கும். உருண்டையில் மூடி வைத்த துளையோ உள்ளே வெற்றிடமோ இருக்கிறது என்று தோன்றினால் மட்டும் முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். நீள உருளை, ஒரு முனையில் கயிறு கோக்க ஓட்டை என்றால் மேலும் கீழும் நகர்த்தும் பழைய ஜன்னலின் எதிர் எடை. மூன்று பல் உருளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வேற்றுக்கிரகப் பூ மாதிரி இருந்தால் ஆழ்துளை போடும் பிட்.

மற்றவர்களிடம் கேட்கும்போது

துண்டுக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து ஆறு பக்கமும் படம் எடுங்கள். எடை, காந்தம் பிடித்ததா, துளைகளின் விட்டம், துளை மையத்துக்கு மையம் தூரம், எங்கே எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது, இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் யூகத்தை மட்டும் சொல்லாதீர்கள். "பல்சட்டம்னு நினைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்கிற அத்தனை பேரும் பல்சட்டத்தையே தேடுவார்கள்.

என் பாளத்துக்கு நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன். வரி முகத்தை மட்டும் அழகாகப் படம் எடுத்து, யூகத்தையும் சேர்த்து அனுப்பினேன், ஆளுக்கொரு மெஷின் பெயர் வந்தது. பிறகு யூகத்தை எடுத்துவிட்டு, பார்க்க ஒன்றுமே இல்லாத பின்பக்கத்தையும் சரிந்த ஓரங்களையும் படம் எடுத்துப் போட்டேன். கல் குவாரியில் வேலை பார்த்த ஒருவர் உடனே சொன்னார்: "கிரஷர் ஜா பிளேட். ஓரம் சரிஞ்சிருக்கு பாருங்க, அங்கதான் ஆப்பு வச்சு இறுக்குவோம். கீழ்ப்பாதி தேஞ்சா தலைகீழாத் திருப்பிப் போடுவோம், அதனாலதான் ரெண்டு முனையும் ஒரே மாதிரி." அதாவது கல் உடைக்கும் மெஷினில் கல்லை நடுவில் வைத்து நொறுக்கும் தாடைத் தகடு. திரும்பிப் போய் மேடுகளின் உயரத்தை அளந்தேன். ஒரு முனையில் 14 மி.மீ., மறுமுனையில் 6. இதைத் திருப்பிப் போடாமலேயே தூக்கி எறிந்திருக்கிறார்கள்.